பணக்காரர் இசை என்று ஒதுக்கினோம்

சமூகவியல் முதுகலை படித்த நாட்களில், விடுதியில் யாராவது ஹவுஸ் இசையை ஒலிக்கவிட்டால் நாங்கள் எழுந்து வெளியே போய்விடுவோம். நட்சத்திர ஓட்டல்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதற்கான சத்தம் அது என்பது எங்கள் தீர்ப்பு. "நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேலியும் பேசியிருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பாடமாகப் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அவர்கள் எங்கே ஆடினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஃபிராங்கி நக்கிள்ஸ் பற்றிப் படித்தபோதுதான் வெட்கப்பட்டோம்.

1955இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர் அவர். கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். நண்பர் லாரி லெவனுடன் நியூயார்க் நடனக்கூடங்களில் டிஜே தொழிலைப் பழகினார். சோல், பிலடெல்பியா பாடல்கள், டிஸ்கோ ஆகியவை அவர் காதில் ஊறியிருந்தன. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பாட்டு.

1977இல் சிகாகோவுக்குப் போனார். அங்கே ராபர்ட் வில்லியம்ஸ் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற நடனக்கூடத்தில் டிஜே ஆனார். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். வெள்ளையரின் கேளிக்கை விடுதி வாசல்களில் கறுப்பினத்தவரிடம் மட்டும் கூடுதல் அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பிய காலம் அது. வாசலில் நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வேர்ஹவுஸைத் தேவாலயத்தோடு நக்கிள்ஸ் ஒப்பிட்டதன் அர்த்தமும் நமக்குப் புரியும்.

1979 ஜூலை 12 அன்று, அதே சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் தலைமையில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஒன்றைக் கவனித்தார். மக்கள் கொண்டுவந்தவற்றில் பல டிஸ்கோவே இல்லை. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள். வெறுப்பு எந்த இசையின் மேல் என்பதைவிட, யாருடைய இசையின் மேல் என்பதுதான் கேள்வி.

பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. நக்கிள்ஸ் கைவிடவில்லை. பழைய பாடல்களை டேப்பில் வெட்டி ஒட்டி, தாளப் பகுதிகளை நீட்டினார். 1982இல் வேர்ஹவுஸிலிருந்து விலகி 'பவர் பிளாண்ட்' கூடத்தைத் தொடங்கினார். டெட்ராய்ட்டைச் சேர்ந்த டெரிக் மேயிடமிருந்து ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரத்தை வாங்கிச் சேர்த்துக்கொண்டார். 'ஹவுஸ்' என்ற பெயரே வேர்ஹவுஸிலிருந்து வந்ததென்று பரவலாகச் சொல்கிறார்கள். வின்ஸ் லாரன்ஸும் பின்னாளில் ஹவுஸ் இசைத்தட்டுகளை உருவாக்கினார்.

1998இல் நக்கிள்ஸுக்கு ரீமிக்ஸுக்கான கிராமி விருது கிடைத்தது. 2004இல் வேர்ஹவுஸ் இருந்த தெருப்பகுதிக்குச் சிகாகோ நகரம் அவர் பெயரைச் சூட்டியது. 2014இல் நக்கிள்ஸ் இறந்தார்.

அந்த இசை உலகமெங்கும் போனது. எங்கள் விடுதி அறைக்கு அது வந்து சேர்ந்தபோது, உருவாக்கியவர்களின் பெயர் அதில் ஒட்டியிருக்கவில்லை. பெயரைப் பறித்தவர்கள் வேறு யாரோ. தேடாமல் விட்டது நாங்கள். இப்போது இளைஞர் முகாம்களில் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடினாலும், இது யாருடைய பாட்டு என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்கிறோம்.