டேலி ஆகாத வண்டி

பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்து இது நான்காவது வருஷம். சொந்த ஊர் மாயவரம். எங்களை மாதிரி எல்லையோரம் குடித்தனம் நடத்துகிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கார் என்பது பவுசு சமாச்சாரம் இல்லை. வாளையாரோ, கோவிந்தாபுரமோ, இடுக்கிப் பக்கம் இருப்பவர்களுக்குப் போடிமெட்டோ குமுளியோ, ஏதாவது ஒரு செக்போஸ்டைத் தாண்டித்தான் அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும், கல்யாணம் காதுகுத்துக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்த விளக்கைப் பற்றித்தான் இன்றைக்கு. நான் பி.காம். படித்தவன், மெக்கானிக் இல்லை. ஆனால் இதில் கணக்குப்பிள்ளை மூளைக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில் விவிடி என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். என்ஜினுக்குள் காற்று போகவும் புகை வெளியேறவும் வால்வுகள் உண்டு. அவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம் ஒரு சுற்று சுற்றும், நடுவில் செயின். பழைய என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரம் கல்லில் எழுதியது போல, மாறவே மாறாது. மெதுவாகப் போகும்போது ஒரு நேரமும், விரட்டும்போது வேறு நேரமும் இருந்தால் பெட்ரோலும் மிச்சம், இழுவையும் கூடும். இதற்கான ஏற்பாட்டை 1980-இல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் கொண்டுவந்தது. டொயோட்டாவின் விவிடி-ஐ வந்தது 1996-இல். இன்றைக்கு நம் ஊர்ச் சின்னக் கார்களில்கூட இருக்கிறது.

இதை நகர்த்துவது நாம் ஊற்றுகிற அதே என்ஜின் ஆயில்தான் என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டர் உத்தரவு போட, ஆயில் கன்ட்ரோல் வால்வு என்கிற விரல் அளவு சாமான் திறந்து மூட, ஆயில் அழுத்தம் போய் கேம் ஷாஃப்டைச் சில டிகிரி முன்னே பின்னே திருப்புகிறது. (எல்லா வண்டியிலும் இல்லை, சிலவற்றில் மின்மோட்டார். பெரும்பாலானவற்றில் ஆயில்தான்.)

கேமுக்கு ஒரு சென்சார், கிராங்குக்கு ஒரு சென்சார். சொன்ன டிகிரிக்கும் நடந்த டிகிரிக்கும் வித்தியாசம் வந்து, அது நீடித்தால் கம்ப்யூட்டர் ஒரு கோடு எழுதி வைக்கும். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்பதால், ஸ்கேனர் போட்டால் அது தெரிந்துவிடும். பி0010 என்றால் அந்த வால்வின் மின்சுற்றில் தகராறு. பி0011 என்றால் கேம் தேவைக்கு மேல் முன்னே நிற்கிறது. பி0012 என்றால் பின்தங்கி நிற்கிறது. பி0016 என்றால் கேமும் கிராங்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கூடவே 'பாங்க் 1' என்றும் வரும். "வண்டிக்குள்ளயும் பாங்க்கா?" என்று வீட்டில் சிரிப்பு :-) அங்கே பாங்க் என்றால் சிலிண்டர் வரிசை, முதல் சிலிண்டர் இருக்கிற வரிசைதான் பாங்க் 1.

என் வண்டி இரண்டாம் கையாக வாங்கியது. சின்னாறிலிருந்து மறையூர் ஏறும்போது விளக்கு எரிந்தது. சமவெளியில் ஒளிந்திருந்த நோய் மலையில் வெளிவருவது சகஜம். ஏற்றத்தில் ஆயில் சூடாகி இளகும், கேமை நகர்த்தும் உத்தரவும் ஓயாமல் மாறும். பாலக்காடு திரும்பியதும் ஒரு பெரிய பட்டறையில் ஸ்கேன் செய்தார்கள். பி0011. "டைமிங் செயின் செட், கேம் கியர் எல்லாம் மாத்தணும்" என்று 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். "எதைப் பார்த்து செயின்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். "ஸ்கேனர் சொல்லுது சார்."

அங்கேதான் பி.காம். உதவியது. முதலாம் ஆண்டில் பி.ஆர்.எஸ். போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேஷ் புக்குக்கும் பாஸ் புக்குக்கும் 5,000 ரூபாய் வித்தியாசம் என்றால், உடனே கேஷியர் எடுத்துவிட்டார் என்று யாராவது சொல்வோமா? செக் இன்னும் பாஸாகாமல் இருக்கலாம், கமிஷன் பிடித்திருக்கலாம். வித்தியாசம் என்பது விசாரணையின் ஆரம்பம், தீர்ப்பு இல்லை. பி0011-உம் அப்படித்தான். இரண்டு புத்தகம் டேலி ஆகவில்லை என்கிறது, அவ்வளவே. திருடன் பெயரை அது சொல்லவில்லை.

வண்டியோடு வந்த பழைய பில்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். முன்பு வைத்திருந்தவர் ஆயில் மாற்றியதில் ஒரு இடத்தில் இரண்டு வருஷம் இடைவெளி. அந்த பில்களோடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். "சாருங்க, மொதல்ல ஆயிலப் பாத்துப்போட்டு அப்பறம் செயினப் பாக்கலாமுங்க" என்றார் மெக்கானிக். எனக்குப் பாதி நிம்மதி அப்போதே வந்துவிட்டது.

அவர் செய்த வரிசையை அப்படியே தருகிறேன். முதலில் ஆயில் அளவும் நிறமும். அடுத்து வால்வின் சாக்கெட்டும் வயரும். பிறகு வால்வைக் கழற்றி மீட்டரில் ஓம் பார்த்தார். பல வண்டிகளில் 7 ஓம் பக்கத்தில் இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிற எண்ணே சரியான எண். ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்து உள்ளே இருக்கிற தண்டு நகர்கிறதா என்று பார்த்தார். தண்டு மந்தமாக நகர்ந்தது. அதன் சன்ன வலையில் கறுப்பாகக் கசடு. சுத்தம் செய்து, கம்பெனி சொன்ன தரத்தில் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, கோடை அழித்தார். ஆன செலவு 4,300 ரூபாய். "ஆயிரம் கிலோமீட்டர்ல இந்த ஆயிலையும் ஒருக்கா மாத்திப்போடுங்க, உள்ள இருக்கற அழுக்கு கொஞ்சங் கொஞ்சமாத்தான் வருமுங்க" என்றார். மாற்றினோம். அதற்கப்புறம் இரண்டு தடவை மூணாறு ஏறியாகிவிட்டது, விளக்கு வரவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா விவிடி கோடுக்கும் ஆயில் மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கடகடவென்று சத்தம், கூடவே பி0016 என்றால் செயின் நீண்டிருக்கவோ, பல் தாண்டியிருக்கவோ நிஜமாகவே வாய்ப்பு உண்டு. பல என்ஜின்களில் செயின் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். அங்கே செலவுக்குப் பயப்படக் கூடாது. வண்டியை ஓட்டாமல் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதே போல, சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கு எரிந்தால் போடிமெட்டு வளைவானாலும் சரி, பத்திரமாக ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு விசாரிக்க நேரம் தரும், சிவப்பு தராது.

வெளியூரில் இருக்கிற நமக்கு, தெரிந்த மெக்கானிக் என்று யாரும் பரம்பரையாகக் கிடைப்பதில்லை. பாஷையும் பாதிதான் புரிகிறது. அதனால் எஸ்டிமேட் நீட்டினால் சண்டை போட வேண்டாம், இரண்டே கேள்வி கேளுங்கள். "கோடு நம்பர் என்ன?" "அந்த சாமான்தான் கெட்டதுன்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?" இரண்டாவதற்குப் பதில் சொல்கிறவரிடம் வண்டியைத் தாராளமாக விடலாம்.