கைப்பேசியும் வாக்குச்சீட்டும்

1970 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது யட்டியாந்தோட்டையில் கலாநிதி என். எம். பெரேரா பேசிய கூட்டத்தை யாம் சிறுவராயிருந்து கேட்டோம். 1948 இல் பிரசாவுரிமையையும், மறு ஆண்டில் வாக்கையும் இழந்த எம் தந்தையர் ஓரத்தில் நின்றனர். லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் கேட்டவற்றை மெய்யோ பொய்யோ என்று தர்க்கித்தனர். வாக்குத்தான் அவர்களிடம் இல்லை.

1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரசாவுரிமை மீண்டது. ஆயின் அத்தர்க்கம் அருகிவிட்டது. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதிய சனாதிபதித் தேர்தலுக்கு முன் சட்டப்படி மேடைகள் ஓய்ந்தன, கைப்பேசிகள் ஓயவில்லை. வேட்பாளர் ஒருவர் விலகிவிட்டார் என்று அன்று காலை வட்சப்பில் வந்த செய்தியை யாமும் ஆராயாது உறவினருக்கு அனுப்பினோம். நண்பகலில் அது பொய்யென அறிந்து திருத்தம் விடுத்தோம். அதற்குள் எம் தமக்கையார், தாம் எண்ணியிருந்தவரை விடுத்து வேறொருவருக்கு வாக்களித்து மீண்டிருந்தார்.

“தம்பி அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார். கோபமில்லை, அதுவே எம்மைச் சுட்டது.

முகமறியாத எவனோ புனைந்த பொய்க்கு எமது பெயரே பிணை நின்றது. இளம் மாணவர்காள், லயத்தில் உங்கள் சொல்லை நம்புவோர் பலர். செய்தியை அனுப்புமுன் ஒரு கணம் தாமதியுங்கள். எம் தந்தையர் வாக்கின்றிக் காத்த நிதானத்தை, வாக்குள்ள நாம் இழத்தல் தகாது.