ஈரத் தீவுக்கு எடையில்லாப் பெட்டி

ஹேவ்லாக் படகுத்துறையில் சீசன் நாட்களில் தினமும் காணக் கிடைக்கும் காட்சி இது. படகு நின்றதும் முதுகில் ஒற்றைப் பையுடன் வந்தவர்கள் விறுவிறுவென்று நடந்து போய்விடுகிறார்கள். கடைசியில் இறங்குவது குடும்பங்கள். அப்பாவின் இரண்டு கைகளிலும் சக்கரம் வைத்த சூட்கேஸ்கள், பையனின் தோளில் பிதுங்கும் பை, அம்மாவின் கையில் எதிலும் அடங்காமல் தனியாகக் கட்டிய ஒரு மூட்டை. விமான நிலையத்தின் பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்த அதே சூட்கேஸ் ஜல்லியிலும் மணலிலும் நகர மறுக்கிறது. விடுதி அறையில் அதைத் திறந்தால் ஆளுக்கு இரண்டு ஜீன்ஸ், ஒரு பட்டுப்புடவை, நான்கு டர்க்கி டவல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த ஸ்வெட்டர். கடலில் இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு துணி மட்டும் இருக்காது.

அந்தமான் இப்போது எட்டாத ஊர் அல்ல. சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மத்திய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளப் பல ஆண்டுகளாக வழி இருந்து வருவதால் தில்லியிலும் மும்பையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே வருகின்றன. ஊர்ப் பெயர்கள்கூட மாறிவிட்டன. 2018இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது (ஆட்டோ ஓட்டுபவர்களிடம் பழைய பெயரே செல்லும்). பெட்டி கட்டும் பழக்கம் மட்டும் ஊட்டிக்கும் காசிக்கும் கட்டிய காலத்திலேயே நிற்கிறது.

விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ, கைப்பையில் 7 கிலோ என்பது கணக்கு. இந்த 15 கிலோவை முழுதாக நிரப்பியே தீர வேண்டும் என்று நினைப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆறு நாள் பயணத்தில் மூன்று விடுதிகள், நான்கைந்து படகுகள். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்குவது பெட்டிக்காரர்தான்.

அந்தமானில் துணிக்குப் பெரிய எதிரி ஈரம். வெயில் சென்னையின் மே மாதத்தை நெருங்குவதில்லை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மே முதல் செப்டம்பர் வரை ஒரு பருவமழை, அது ஓய்வதற்குள் இன்னொன்று. டிசம்பர் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரைதான் ஓரளவு வானம் வெளுத்திருக்கும். அப்போதும் காற்றில் ஈரம் குறைவதில்லை. இரவு கொடியில் போட்ட தடித்த துணி காலையில் அப்படியே சொதசொதவென்று தொங்கும். இரண்டாம் நாள் வாடை அடிக்கும்.

எனவே இந்தத் தீவுக்குத் துணி எடுக்கும்போது அழகு, விலை எல்லாம் பிறகு. இரவோடு இரவாக மின்விசிறிக் காற்றில் காய்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்தப் பரீட்சையில் முதலில் தோற்பது ஜீன்ஸ். உலர்ந்த நிலையிலேயே 600, 700 கிராம் இருக்கும் அது நனைந்தால் ஏறக்குறைய இரு மடங்காகும். காய இரண்டு நாள். அடுத்தது டர்க்கி டவல். அரைக் கிலோ எடையும் பெட்டியில் கால்வாசி இடமும் பிடித்துக்கொண்டு, ஒரு குளியலுக்குப் பிறகு ஈரத் துணி மூட்டையாகிவிடும். அதற்குப் பதில் நம் வீட்டு ஈரிழைத் துண்டு இரண்டு போதும். துவட்டலாம், தலையில் கட்டலாம், மணலில் விரிக்கலாம், ஒரு மணி நேர வெயிலில் காய்ந்தும் விடும்.

பருத்தியா, செயற்கை இழையா என்ற வழக்கமான சண்டைக்கும் இங்கே எளிய தீர்ப்பு உண்டு. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. வியர்வையை உறிஞ்சுவதால் பருத்தி உடம்புக்கு இதம், அதே காரணத்தால் காய்வதில் தாமதம். ஆகவே கரையில் இருக்கும்போது மெல்லிய பருத்தி, தண்ணீருக்குள் நைலான் வகைத் துணி. இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் தவறு.

மெல்லிய பருத்தி என்றதும் வெளிநாட்டுக் கடற்கரைப் பத்திரிகைகளைப் புரட்ட வேண்டாம். சென்னை வட்டாரத்துக் கைத்தறிக் கட்டத் துணி மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா போன்ற கரீபியன் தீவுகளுக்குப் போய், அங்கே பாரம்பரிய உடையின் பகுதியாகவே ஆகிவிட்டது. இன்றும் அதன் பெயர் 'மெட்ராஸ்'தான். 1950, 60களில் அமெரிக்கக் கல்லூரி இளைஞர்கள் கோடை விடுமுறைக்கு இந்த மெட்ராஸ் சட்டையைப் போட்டுக்கொள்வதைப் பெருமையாக நினைத்தார்கள். அதே வகைக் கட்டத் துணியில் கைலி கட்டித் திண்ணையில் உட்காரும் நம்மவர், தீவுப் பயணம் என்றதும் அதை வீட்டில் விட்டுவிட்டு ஜீன்ஸைத் தேடுகிறார். கைலி கால் கிலோ சுமார்தான் இருக்கும். இரவு உடை, கடற்கரையில் உடை மாற்ற மறைப்பு, விடுதியில் போர்வை போதாவிட்டால் போர்வை. மதுரைச் சுங்குடிக்கும் இதே தகுதி உண்டு. கசங்கினாலும் தெரியாது, பிழிந்து உதறினால் போதும்.

எத்தனை செட் எடுப்பது என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். நாளுக்கு இரண்டு வீதம் ஆறு நாளைக்குப் பன்னிரண்டு என்று எண்ணுவது கல்யாண வீட்டுக் கணக்கு. மேலே போட நான்கு, கீழே போட இரண்டு, எல்லாம் ஒன்றுக்கொன்று சேரும் நிறத்தில் இருந்தால் எட்டு விதமாகப் போடலாம். நீலம், சாம்பல், காக்கி எல்லாவற்றோடும் சேரும். வெள்ளைக் கால்சட்டை பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சேற்றுப் பாதையில் முதல் பத்து நிமிடத்தில் தன் நிறத்தை இழக்கும். நான்கு மேல்சட்டைகளில் ஒன்று முழுக்கை வைத்ததாக இருப்பது அவசியம். ஹேவ்லாக் போகும் தனியார் விரைவுப் படகுகளின் ஏ.சி. குளிரில் அதுவே ஸ்வெட்டர். மாலையில் கடற்கரை மணல் ஈ கடிக்கும்போது அதுவே கவசம். இந்த ஈக்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கடித்த இடம் நாள்கணக்கில் அரிக்கும். அரைக் கால்சட்டையுடன் அஸ்தமனம் பார்க்க உட்காருபவர்கள் மறுநாள் மருந்துக் கடையில் நிற்பார்கள்.

அஸ்தமனம் என்றால் இங்கே மாலை ஐந்து, ஐந்தரை மணி. தீவு கிழக்கே வெகு தூரத்தில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரப்படிதான் ஓடுகிறது. அதிகாலையிலேயே விடிந்து, மற்ற ஊர்களில் அலுவலகம் விடும் நேரத்தில் இருட்டிவிடும். மாலை உலாவுக்கென்று ஒதுக்கி வைத்த பகட்டு உடைகளைப் பார்க்க வெளியில் யாரும் இருப்பதில்லை. பட்டுப்புடவை பெரும்பாலும் மடிப்புக் கலையாமல் ஊர் திரும்புவதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராதாநகர் கடற்கரையிலோ எலிஃபன்ட் பீச்சிலோ அரை மணி நேரம் நின்றால் புரியும். கணவரும் பிள்ளைகளும் அரைக் கால்சட்டையுடன் தண்ணீரில் குதித்துவிடுவார்கள். செருப்புகளையும் கைப்பேசிகளையும் காவல் காத்தபடி கரையில் உட்கார்ந்திருப்பது அம்மா. மூன்று வாரம் முன்பிருந்து எல்லோருக்கும் பட்டியல் போட்டுப் பெட்டி கட்டியவரும் அவரேதான். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை மறக்கவில்லை. தனக்கு ஒன்று வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் சொல்லவில்லை.

சிலர் துணிந்து சுடிதாருடனோ சேலையுடனோ இறங்குகிறார்கள். அது ஆபத்து. பருத்திச் சல்வார் தண்ணீர் குடித்துக் கனத்து அலை இழுக்கும் பக்கம் காலை இழுக்கும். துப்பட்டா கழுத்திலோ காலிலோ சுற்றும். முந்தானை லைஃப் ஜாக்கெட் வாரில் சிக்கும். முழங்கால் ஆழத்தில் தடுக்கி விழுந்தவர் எழுந்திருக்க முடியாமல் போவதற்கு இவ்வளவு போதும்.

வெட்கத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால் வரை கால்சட்டையும் கொண்ட நைலான்-லைக்ரா நீச்சல் உடை நகரங்களின் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. மடித்தால் ஒரு கையில் அடங்கிவிடும். மேலே தொளதொளவென்று ஒரு பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்து, தண்ணீர் ஓரத்தில் அதைக் கழற்றி வைத்தால் தீர்ந்தது. பவளப்பாறை பார்க்க முகமூடி போட்டு மிதப்பதானாலும், ஸ்கூபா மையத்தில் தரும் ரப்பர் உடைக்கு உள்ளே போடுவதானாலும் இதுவே போதும். குடும்பப் பெட்டியில் வேறு எது விடுபட்டாலும் இந்த ஒன்று விடுபடக் கூடாது. அலையில் நிற்க நீச்சல் தெரிய வேண்டியதில்லை. கரையோரம், மற்றவர்கள் கண்ணெதிரே, உயிர்காப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் நின்றால் சரி. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள கடற்கரைகளும் இங்கே உண்டு என்பதால் பலகையைப் படிப்பது நல்லது.

முழுக்கை நீச்சல் உடையால் இன்னொரு லாபம். நனைந்த மெல்லிய வெள்ளைப் பனியன் வெயிலின் புற ஊதாக் கதிரை அதிகம் தடுப்பதில்லை. முதுகு வெந்து தோல் உரியும்போதுதான் அது தெரியும். நெருக்கமாக நெய்த அடர் நிறத் துணி நன்றாகத் தடுக்கும். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996லேயே ஆடைகளின் இந்தத் தடுப்புத் திறனை அளக்கத் தர நிர்ணயம் கொண்டுவந்தன. கை கால் மூடியிருந்தால் சன்ஸ்கிரீன் குறைவாகப் பூசினால் போதும். சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் ஆக்சிபென்சோன் பவளத்தைப் பாதிக்கிறது என்பதால் ஹவாய் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது.

கடலிலிருந்து வந்ததும் உடையை நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுவது கட்டாயம். துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அலசாத துணி எத்தனை நாள் தொங்கினாலும் முழுதாகக் காயாது. சிறு தீவுகளில் நல்ல தண்ணீர் சிக்கனம். அரை வாளி போதும். அலசியதை உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கிப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலையில் தயார். இரண்டு மீட்டர் நைலான் கயிறும் ஆறு கிளிப்பும் பெட்டியில் வைக்கத் தகுந்தவை.

காலுக்குப் பின்வார் வைத்த ஒரு சாண்டல். ஹவாய் செருப்பை அலை பிடுங்கிக்கொள்ளும். நீல் தீவின் இயற்கைப் பாலத்தைப் பார்க்க, கடல் உள்வாங்கிய நேரத்தில் கூரிய பவளப் பாறைகள் மேலும் வழுக்கும் கல் மேலும் நடக்க வேண்டும். ஷூவும் சாக்ஸும் ஒரு நாள் நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது.

உடை என்ற பேச்சில் தமிழர்களுக்கு இந்தத் தீவுக் கூட்டத்தோடு பழைய தொடர்பு ஒன்று உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்கிறது. ஆடையில்லாதோர் நாடு என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டின் சீனத் துறவி யி ஜிங்கும் அப்படி ஒரு நாட்டைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து மாலுமியின் வேடிக்கைப் பார்வை இன்றைய பயணிக்கும் தொற்றிவிடக் கூடாது. பாராடாங் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் வழியே போகிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவோ துணியோ கொடுப்பதும் சட்டப்படி குற்றம்.

செல்லுலார் சிறைக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த அந்தச் சிறையில் 693 தனியறைகள் இருந்தன; ஏழு பிரிவுகளில் இப்போது மூன்றுதான் மிச்சம். கைதிகளுக்குத் தண்டனையாக அணிவித்த சாக்குத் துணி உடை அங்கே காட்சிக்கு இருக்கிறது. நாலு அடி நடந்தாலே மெல்லிய பருத்தியும் முதுகில் ஒட்டும் ஊரில், அந்தச் சாக்கைப் போட்டுக்கொண்டு செக்கு இழுத்திருக்கிறார்கள்.

எதையாவது மறந்துவிட்டால் அபர்தீன் பஜார் இருக்கிறது. துண்டு, கைலி, நைட்டி, தொப்பி எல்லாம் தமிழில் பேசியே வாங்கலாம். தொப்பிக்குத் தாடையில் கட்டும் நாடா இருக்கட்டும். படகின் மேல்தளக் காற்றில் தொப்பிகள் அடிக்கடி கடலுக்குப் போகின்றன.

திரும்பும்போது பெட்டியில் காலி இடம் இருந்தால் சங்கும் பவளத் துண்டும் பொறுக்கிப் போடத் தோன்றும். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது. கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. கடையில் ரசீதுடன் வாங்கிய சிப்பிப் பொருளுக்குத்தான் அனுமதி. மடித்த துணிகளின் நடுவே ஒளித்து வைத்தது எக்ஸ்ரே திரையில் தெரிந்துவிடும். அப்புறம் விமானம் புறப்படும் அவசரத்தில், வரிசையே வேடிக்கை பார்க்க, பெட்டி முழுவதையும் மேஜைமேல் கொட்டி மறுபடி அடுக்க வேண்டியதுதான்.