ஆவடி ஏரிக்கு வரும் பெரிய பறவைகளின் ஊர்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம், நடுநீரில் மிதக்கும் பெரிய பறவைகளைக் காட்டி இவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். “ஆஸ்திரேலியாவுல இருந்து சார்” என்பார்கள். சிலர் சைபீரியா என்பார்கள். 2019இல் இந்த ஏரியைப் பசுமைப் பூங்காவாகத் திறந்தபின் கூட்டம் கூடியது. கூடவே இந்தப் பதிலும் பரவியது. அது எந்த அளவுக்கு உண்மை என்று தேட என்னைத் தூண்டியது ஓர் இளைஞர் காட்டிய படம்.

பறவை பார்ப்பதில் ஆர்வம் கொண்ட ஆவடிப் பையன் அவர். “வெள்ளைக் கூழைக்கடா மாதிரி இருக்குண்ணா. உறுதியாச் சொல்ல முடியல” என்றார். அந்தத் தயக்கமே எனக்குப் பிடித்தது. வெள்ளைக் கூழைக்கடா சென்னைப் பக்கம் எளிதில் காணக் கிடைக்காத பறவை. நம் ஏரிகளில் வழக்கமாக இருப்பது புள்ளி அலகுக் கூழைக்கடா. அதுவே சின்னப் பறவை அல்ல. நான்கு முதல் ஆறு கிலோ எடை, விரித்த சிறகு இரண்டு மீட்டருக்கு மேல். காலை வெயில் ஏறியதும் சூடான காற்றைப் பிடித்துக்கொண்டு, சிறகசைக்காமல் வட்டமடித்து மேலே போகும். ஆவடி வானில் அப்படிச் சுற்றுவதை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதைக் கழுகு என்று நினைப்பதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறியச் சிறகின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கூழைக்கடா பறக்கும்போது, வெள்ளை உடலுக்கு எதிராகச் சிறகின் பின்பாதி கன்னங்கரேலென்று தெரியும். புள்ளி அலகுக் கூழைக்கடாவுக்கு அந்தக் கறுப்பு கிடையாது, மங்கிய சாம்பல்தான். வளர்ந்த பறவையானால் மேல் அலகின் ஓரமாக ஒரு வரிசைப் புள்ளிகளும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினோம். புள்ளிகள் தெரிந்தன. உச்சிவெயில் சாம்பலை வெள்ளையாக்கிக் காட்டியிருந்தது.

செங்கால் நாரையைப் பார்த்ததாகவும் அடிக்கடி செய்தி வரும். அது ஐரோப்பாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இந்தியாவுக்கு வலசை வரும் பறவைதான்; ஆனால் இங்கே அரிது. அலகும் காலும் நல்ல சிவப்பாக இருக்கும். சொன்னவரோடு போய்ப் பார்த்தால், பெரும்பாலும் நத்தைகுத்தி நாரை நின்றுகொண்டிருக்கும். அதற்கும் வெளிறிய உடல், கறுத்த சிறகு. ஆனால் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகம் வேண்டாம்.

சரி, ஆஸ்திரேலியா? அங்கே இருப்பது வேறு இனக் கூழைக்கடா. அது ஆவடிக்கு வருவதில்லை. நம்முடையது கூடு கட்டுவது இந்தியாவிலும் இலங்கையிலும் கம்போடியாவிலும். ஆவடிக்கு வடக்கே, நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. தொலைவில், ஆந்திரத்தின் நேலப்பட்டு இருக்கிறது. அங்கே, தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுக்கு மீன் தேடிப் பழவேற்காடு ஏரிக்குப் போய்வருகின்றன. தெற்கே, சுமார் 70 கி.மீ. தொலைவில் வேடந்தாங்கல். கூழைக்கடாவும் நத்தைகுத்தியும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் மீன் கிடைக்கும் ஏரிகளைத் தேடிக் கலைகின்றன. செம்பரம்பாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு எல்லாம் அந்தத் தேடலின் நிறுத்தங்கள். நாம் வெளிநாட்டு விருந்தாளி என்று சொல்லும் பறவை, பக்கத்து மாவட்ட மரமொன்றில் பிறந்ததாக இருக்கலாம்.

பிறகு அந்தப் பேச்சு எப்படித்தான் வந்தது? என் ஊகம் இது. பனிக்காலத்தில் ஊசிவால் வாத்து போன்ற வாத்துகள் உண்மையாகவே வடக்கிலிருந்து, சைபீரியா வரையிலான நிலங்களிலிருந்து வருகின்றன. அதே மாதங்களில், அதே ஏரிகளில் நம் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. வாத்தின் பயணக் கதை, கண்ணில் முதலில் படும் பெரிய பறவையின்மேல் ஏறிவிட்டது. உண்மையான நெடும்பயணிகளை யாரும் கவனிப்பதில்லை. சேற்றோரம் ஓடும் கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இருக்காது; அது பிறந்தது ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதியில். இத்தகைய பறவைகளின் காலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டதால்தான் இந்தப் பாதைகளில் பலவும் நமக்குத் தெரிகின்றன.

பெரிய பறவை எங்கிருந்தோ வருகிறது என்று நம்பினால் அதன் கூட்டைப் பற்றி நமக்குக் கவலை வராது; அந்தப் பொறுப்பு வேறு யாருடையதோ ஆகிவிடும். எவ்வளவு பெரிய குடியிருப்பும் மறைந்துபோகலாம். பர்மாவின் சிட்டாங் ஆற்றுச் சமவெளியில் 1877இல் பறவையியலாளர் யூஜின் ஓட்ஸ் கண்ட குடியிருப்பில் கூழைக்கடாக்கள் கணக்கிலடங்காதவை. 1939 வாக்கில் அது இல்லை. பிலிப்பைன்ஸில் இந்த இனமே அற்றுப்போய்விட்டது. வேடந்தாங்கலில் நடந்தது வேறு. பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மீது ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை எழுத்தில் ஏற்றார். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் கூட்டிலிருக்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பெரிய பறவைகள் பிழைத்திருப்பது இப்படிப்பட்ட ஊர்களால்தான்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பறவை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பறவை எதையாவது கண்டால் அலகையும் கால் நிறத்தையும் சிறகின் அடிப்பக்கத்தையும் படமெடுங்கள். தேதியோடு குறித்து வையுங்கள். சந்தேகமிருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள். உங்கள் ஏரிக்கரை மரத்தில் கூடு தெரிந்தால், அந்த மரத்தில் கோடரி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.