புறங்காட்டி அமர்ந்தோம்

போரிலே புறங்காட்டுதல் பெரும் பழி என்பது நம் முன்னோர் கொள்கை. பள்ளி நாட்களில் புறநானூற்றைப் படித்தபோது நாங்களும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், ஒரு களத்தில் புறங்காட்டி அமர்வதே எங்கள் கடமை என்பதைப் பிற்காலத்தில் தில்லி மாநகர் எங்களுக்குக் கற்பித்தது. அக்கதையைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மத்திய அரசில் எழுத்தர் பணி கிடைத்து 2005-ஆம் ஆண்டு இங்கு வந்தோம். 2008-இல் மகன் பிறந்தான். ஓராண்டு நிறைந்தும் அவனுக்குத் தலை நிற்கவில்லை. மருத்துவர் 'செரிப்ரல் பால்ஸி' என்றார். தமிழில் பெருமூளை வாதம் என்பர். வளரும் மூளை, பிறப்பதற்கு முன்போ பிறக்கும் வேளையிலோ சற்றுப் பின்னரோ ஊறுபடுவதால் நேர்வது இது. அவ்வூறு மேலும் பெருகுவதில்லை. ஆனால் தசைகள் மூளையின் ஆணைக்கு அடங்குவதில்லை. எங்கள் மகனுக்குக் கைகால்கள் நான்கும் விறைத்தன. நாவும் எளிதில் புரளவில்லை. அறிவிலே குறையில்லை என்பதை உணர எங்களுக்கே நெடுநாள் ஆயிற்று.

வேண்டாத தெய்வமில்லை, போகாத மருத்துவமனையில்லை. ஒரு பள்ளி இடமில்லை என்று கைவிரித்தது. எங்கே ஊர் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. மாற்றுத்திறனுடைய பிள்ளைகளைப் பேணும் ஊழியர்க்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்களிக்கும் சுற்றறிக்கை 2014 ஜூன் 6-ஆம் நாள் வெளிவந்தபோதுதான் மூச்சு வந்தது.

ஆனால், எங்கள் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தச் சட்டை, எப்போது உணவு, சன்னலைத் திறப்பதா மூடுவதா என அனைத்தையும் நாங்களே முடிவு செய்தோம். அதனை அன்பென்று கருதினோம். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் இருவரில் ஒருவரே வருவோம். மற்றவர் அவனோடு வீட்டில் இருப்போம். உனக்கு வர விருப்பமா என்று அவனைக் கேட்டதேயில்லை.

2022-இல் உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர், இவனைப் 'போச்சா' விளையாட்டில் சேருங்கள் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, "ஐயோ, எது போச்சு?" என்று பதறியதை நினைத்து இன்றும் சிரிக்கின்றோம். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் பந்து என்பது பொருள். 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறும் விளையாட்டு இது. களம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வெள்ளைப் பந்தொன்றே இலக்கு. ஒருவருக்குச் சிவப்புப் பந்துகள் 6. எதிராளிக்கு நீலம் 6. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 275 கிராம். யாருடைய பந்து வெள்ளைக்கு அருகில் நிற்கிறதோ அவருக்கே புள்ளி.

பந்தை எறியவும் உதைக்கவும் இயலாதவர்க்குச் சரிவுப் பலகையொன்று உண்டு. அதைத் திருப்ப ஒரு துணைவர் இருப்பார். அவர் களத்திற்கு முதுகைக் காட்டியே அமர வேண்டும். திரும்பிப் பார்த்தலும் யோசனை கூறுதலும் கூடா. ஆட்டக்காரர் சொன்னதைச் செய்வது மட்டுமே அவர் வேலை.

நாங்கள் இருவரும் மாறி மாறித் துணைவராக அமர்ந்தோம். "இடது... இன்னும்... போதும்." அப்பெரிய கூடத்தில் அந்தத் தமிழ்ச் சொற்கள் எங்களைத் தவிர எவருக்கும் விளங்கவில்லை. நெற்றியில் கட்டிய கோலால் அவன் பந்தைத் தள்ளுவான். அது உருளும் ஓசை மட்டும் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

ஒருநாள், அவன் சொன்ன திசை தவறென்று எங்களுக்குத் தோன்றியது. பலகையைச் சற்றே எங்கள் விருப்பப்படி நகர்த்தினோம். பந்து இலக்கைவிட்டு எங்கோ போயிற்று. அவன் முகம் சிவந்தது. நெடுநேரம் முயன்று ஒரே சொல்லைச் சொன்னான்: "நான்!"

பதினான்கு ஆண்டுகளாக நாங்கள் கேளாதிருந்த சொல் அது. அன்றிரவு, நாளைக்கு எந்தச் சட்டை என்று முதன்முறையாக அவனைக் கேட்டோம்.

நோய் தீர்ந்துவிடவில்லை. மார்கழிக் குளிரில் கால்கள் இன்றும் விறைத்து வலிக்கின்றன. இரண்டு போட்டிகளில் தோற்றான். மூன்றாவதில் ஓர் ஆட்டம் வென்றான். 2025-இல் ஜவாஹர்லால் நேரு அரங்கில் நடந்த உலகப் பாரா தடகளப் போட்டிக்கு அவனை அழைத்துச் சென்றோம். உடலியக்க ஒருங்கிணைவு குறைந்தோர்க்கான டி-35 பிரிவில் பிரீத்தி பால் ஓடினார். 2024-இல் பாரிஸ் நகரில் 100 மீட்டரை 14.21 வினாடியிலும், 200 மீட்டரை 30.01 வினாடியிலும் கடந்து இரு வெண்கலம் வென்றவர் அவர். எங்களைச் சுற்றியிருந்தோர் எவரும் "பாவம்" என்று சொல்லவில்லை, "நேரம் எவ்வளவு?" என்றே கேட்டனர். அக்கேள்வி எங்கள் மகனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இத்தகைய பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இதனை எழுதினோம். வரும் பொங்கல் விழாவுக்கு எங்கள் மகனும் வருகின்றான். வருவதாக அவனே சொன்னான். அவனைப் பற்றி எங்களிடம் கேளாமல் அவனிடமே பேசுங்கள். மறுமொழி வரச் சற்று நேரமாகும். அன்புகூர்ந்து காத்திருங்கள்.