மடை திறந்த பேச்சு

அணி என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது தேர்வுத்தாள்தான். உவமைக்கு ஒரு நிலா, உருவகத்துக்கு ஒரு முகமதி, தற்குறிப்பேற்றத்துக்கு ஒரு மதில்கொடி. தண்டியலங்காரம் வகுத்த 35 பொருளணிகளில் நாலைந்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டால் கடமை முடிந்தது. இதில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு.

உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொன்னார் தொல்காப்பியர். வினை முதலில் நிற்கிறது. நிறத்தைக் குறிக்கும் உரு கடைசியில்.   வரிசைக்குப் பெரிய பொருள் கிடையாது என்று இலக்கணம் கற்றவர்கள் சொல்லக்கூடும். நாஞ்சில் நாட்டு வயற்காட்டுப் பேச்சில் வளர்ந்த என் காதுக்கு அந்த வரிசை சரியாகவே படுகிறது. இங்கே உவமைகள் பெரும்பாலும் வேலையிலிருந்து எழுகின்றன.

'மடை திறந்தாற்போலப் பேசினார்' என்று எல்லோரும் எழுதுகிறோம். மடையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். கால்வாய் வழியாகத் தண்ணீர் கடைவரம்பு வந்து சேர நாளாகும். மம்பட்டியால் மடையை வெட்டியதும் வெள்ளம் பாய்ந்துவிடாது. முதலில் சருகும் நுரையும் உருண்டு வரும். வெடித்துக் கிடக்கும் மண் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் சற்றுத் தயங்கி நிற்கும். பிறகுதான் கட்டியைக் கரைத்து, வாயைத் தானே அகலப்படுத்திக்கொண்டு பாயும். நெடுநாள் வாய் திறக்காதவர் பேசத் தொடங்குவதும் அப்படித்தான்: முதலில் சம்பந்தமில்லாத சங்கதிகள், ஒரு இருமல், ஒரு மௌனம், அப்புறம் எல்லாம். இந்தத் தயக்கத்தைக் கண்டவர் எழுதும்போது பழகித் தேய்ந்த உவமைக்கும் உயிர் வந்துவிடும்.

உருவகத்துக்கும் இதுவே பொருந்தும். 1966இல் வெளிவந்த சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் மரம் முதலில் முழு மரமாக நிற்கிறது. நிழலும் காயும் அதைச் சுற்றிய சண்டையும் எல்லாம் மெய்யானவை. அதனால்தான் அது ஒரு ஊராகவும் காலமாகவும் விரிய முடிந்தது.

தேரூர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்னை மிகவும் பாதித்த நூல். மான்மியம் என்பது தலத்தின் பெருமை பாடும் நூலுக்குரிய பெயர். அதைச் சூட்டி அவர் பாடியதோ, தகப்பன் சொத்து அவன் பிள்ளைகளுக்கு இல்லாமல் சகோதரி மகனுக்குப் போன வழக்கத்தின் கொடுமையை. துயரத்தைச் சொல்பவள் ஒருவனின் ஐந்தாம் மனைவி. வீட்டுக்குள் வாய் திறக்க முடியாதவளுக்குப் புகழ்ச்சியின் வேடம் பேச இடம் கொடுத்தது. வஞ்சப்புகழ்ச்சி என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோமே, அது இங்கே பட்டினி கிடந்த பிள்ளைகளுக்காக வழக்காடியது. அந்த வழக்கத்தை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் வந்தது. அது வந்ததில் இந்த நூலுக்கும் பங்குண்டு என்று பெரியவர்கள் சொல்வதை நான் முழுமனதாக நம்புகிறேன்.