தீனி நேரத்துச் சேட்டைகள்

எங்கள் வீட்டில் நான்கு மட்டக்குதிரைகள் இருப்பது என் தோழிகளுக்குத் தெரியும். "உன் மேல குதிரை வாடை அடிக்குதுடி" என்பார்கள். அடிக்கட்டும்.

கொடைக்கானல் மேல்மலையில் வயலெல்லாம் படிப்படியாக இருக்கும். ஜீப் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் உரமூட்டை ஏறுவதும், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு மூட்டைகள் இறங்குவதும் எங்கள் பக்கம் குதிரை முதுகில்தான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமந்தவர்களுக்கு ஒரு கேரட்கூட யாரும் கொடுக்கவில்லை!

மார்கழி வந்தால் உறைபனி. விடியும்போது புல் மேல் உப்பு தூவின மாதிரி இருக்கும். அப்புறம் புல் கருகிவிடும், மேய ஒன்றும் இருக்காது. கொட்டகையில்தான் தீனி வைக்கணும். காலைத் தீனி என் வேலை.

வாளிச் சத்தம் கேட்டால் போதும், இராணி முன்னங்காலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள். டக், டக், டக். பி.டி. சார் விசில் மாதிரி நிற்கவே நிற்காது. முதலில் அவளுக்குத்தான் வைக்கணும். இல்லாவிட்டால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு மற்ற மூன்று பேரையும் விரட்டுவாள். மைனருக்குக் கயிறு அவிழ்க்கத் தெரியும். அப்பா மூன்று விதமாக முடிச்சுப் போட்டுப் பார்த்தார். மூன்றையும் பல்லால் இழுத்து அவிழ்த்துவிட்டான். சுண்டு ஒன்றரை வயதுக் குட்டி. ஒருநாள் காலி வாளிக்குள் தலையை விட்டு, வளையம் காதில் மாட்டிக்கொண்டு, அப்படியே கொட்டகையைச் சுற்றி ஓடினான். இருட்டில் பார்த்த அப்பத்தா "ஏ ஆத்தீ, என்னடி அது!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது.

ஏன் இவ்வளவு ஆட்டம் என்று கால்நடை டாக்டரிடம் கேட்டேன். குதிரைக்கு இரைப்பை சின்னதாம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டிய பிராணி. ராத்திரி சும்மா நின்றால் பசி தாங்காது. புல் குடலில் புளிக்கும்போது உடம்புக்குச் சூடும் கிடைக்கும். அதனால் குளிருக்குப் புல்தான் முக்கியம், கொள்ளை அள்ளி வைக்கக் கூடாது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

இனி கறுப்பனைப் பற்றி. அவனுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு எட்டு வருஷம் மூத்தவன். கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது. புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறான். குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்து சிலிர்த்து நிற்பதால் பார்த்தால் கொழுத்த மாதிரி இருக்கும். கை வைத்துத் தடவினால்தான் விலா எலும்பு தட்டுப்படும். அவன் பங்கை இராணி வந்து தின்றுவிடுவாள். அதற்கு அவன் ஒரு தந்திரம் வைத்திருக்கிறான். காலி வாளியை உதைத்து உருட்டுவான். தீனி என்று நினைத்து மூன்று பேரும் அங்கே ஓட, இவன் மெதுவாகப் போய் இராணி இடத்தில் வாய் வைப்பான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

மார்கழிக் கடைசியில் ஒரு வியாபாரி வந்து கறுப்பனைப் பார்த்துவிட்டுப் போனார். அப்பா கெட்டவர் இல்லை. சுமை தூக்க முடியாத குதிரைக்கும் தீனிக் காசு ஒன்றுதான். அந்த வியாபாரி வாங்குகிற கிழட்டுக் குதிரை எங்கே போகும் என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை.

"அவன் தீனியை நான் பாத்துக்கறேன்பா" என்றேன். இப்போது ஐந்து மணிக்கு எழுகிறேன். காய்ந்த புல்லைப் பொடியாக நறுக்கி, தவிட்டோடு வெந்நீரில் ஊற வைத்து, கூழாக்கி, அவனை மட்டும் தனியாகக் கட்டி வைக்கிறேன். தின்று முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கிலீஷ் மனப்பாடச் செய்யுள் படிப்பேன். "தை முடியட்டும், பாப்போம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இன்று தை இருபது. விலா எலும்பு இன்னும் தட்டுப்படுகிறது, ஆனால் முன்பு போல ஒவ்வொன்றாக எண்ண முடியவில்லை. தனித் தீனி கிடைத்தும் வாளி உதைப்பதை அவன் விடவில்லை. நேற்று அதில் தண்ணீர் இருந்தது, என் பாவாடை முழுக்க நனைந்துவிட்டது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி